‘கண்ணிலி’ என்றொரு மரபணு

பழ ஈயைப் பற்றிப் பேசும் உரிமை கொல்கத்தாவுக்கு நிறையவே உண்டு. பாலிகஞ்ச் சர்க்குலர் சாலையில், கல்கத்தா பல்கலைக்கழக விலங்கியல் துறையில் நெடுங்காலம் இந்த ஈயை ஆராய்ந்தவர் ஏ. எஸ். முகர்ஜி. அவரும் ஜெர்மானிய அறிஞர் வுல்ஃப்காங் பியர்மனும் 1965இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். புழுப்பருவத்து ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் குரோமோசோம்கள் பருத்துக் கிடக்கும். அவற்றுக்குக் கதிரியக்கம் ஏற்றிய யூரிடினைக் கொடுத்து, அவற்றின்மேல் பரப்பிய படலத்தில் தோன்றிய வெள்ளித் துகள்களை எண்ணினார்கள். பெண் ஈயின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் சேர்ந்து உண்டாக்கும் அளவு ஆர்.என்.ஏ.வை ஆண் ஈயின் ஒற்றை எக்ஸே உண்டாக்கிவிடுவது தெரிந்தது. மரபணு எத்தனை படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு நின்றால் போதாது, எங்கே, எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அன்று இல்லை. பார்வைக்கு இந்த மரபணு, நடத்தைக்கு அந்த மரபணு என்று பங்கு பிரித்துப் பேசும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்று இந்த அவையில் வாதிட விரும்புகிறேன்.

அந்தப் பழக்கத்துக்குப் பெயர்களே பாதிக் காரணம். 1915இல் மில்ட்ரட் ஹோக் கண் சிறுத்த, சில வேளை கண்ணே அற்ற ஈக்களைக் கண்டு, அந்த மாற்றத்துக்குக் ‘கண்ணிலி’ என்று பெயரிட்டார். எண்பது ஆண்டு கழித்து, 1995இல், வால்டர் கெரிங்கின் குழு அதே மரபணுவை வேண்டாத இடங்களில் இயக்கியபோது காலிலும் இறக்கையிலும் உணர்கொம்பிலும் கண் முளைத்தது. கண்ணை உண்டாக்கும் தலைமை மரபணு கிடைத்துவிட்டது என்று உலகமே பேசியது. ஆனால் 2013இல் வந்த ஆய்வுகள் அதே ‘கண்ணிலி’யை மூளையின் பார்வை மடலில் உள்ள நரம்பு மூலச்செல்களில் வேறு வேலையில் கண்டன. அங்கே மூலச்செல் ஒவ்வொன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் சில மரபணுக்களை இயக்குகிறது. எந்த மரபணு இயங்கும் வேளையில் பிறந்தது என்பதைப் பொறுத்து மகள் செல் எந்த வகை நியூரானாகும் என்பது அமைகிறது. அந்த வரிசையில் ‘கண்ணிலி’க்கு ஒரு முறை வருகிறது, அது முடிந்ததும் அடுத்தது பொறுப்பேற்கிறது. அதாவது கண்ணில் இடம் குறித்துக் கொடுத்த மரபணு மூளையில் வேளை குறித்துக் கொடுக்கிறது. கண்ணும் மூளையும் தனித்தனியே கட்டப்பட்டுப் பிறகு இணைக்கப்படுவதும் இல்லை. கண்ணிலிருந்து நீளும் நரம்பிழை பார்வை மடலின் முதல் அடுக்கைத் தொட்டு, ‘ஹெட்ஜ்ஹாக்’ என்ற புரதத்தை விட்ட பிறகே அங்குள்ள செல்கள் கடைசிமுறை பிரிந்து நியூரான்களாகின்றன. இழை வராவிட்டால் அந்த அடுக்கே உருவாகாது.

ஒரே மரபணு கெட்டால் ஒரே நடத்தை போகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். ‘செவன்லெஸ்’ அப்படிப்பட்ட உதாரணந்தான். கூட்டுக்கண்ணில் உள்ள சிறுகண் ஒவ்வொன்றிலும் எட்டு ஒளியேற்பிச் செல்கள். இந்த மாற்றம் உள்ள ஈயில் ஏழாவது செல் இல்லை. அதனால், புற ஊதா ஒளியையும் கண்ணுக்குப் புலப்படும் ஒளியையும் எதிரெதிரே வைத்தால், மற்ற ஈக்கள் நாடும் புற ஊதாவை இது நாடுவதில்லை. இத்தனை துல்லியமான தொடர்பை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘செவன்லெஸ்’ உண்டாக்கும் புரதம் எது? பக்கத்துச் செல்லின் சொல்லைக் கேட்கும் ஏற்பி அது. எட்டாவது செல் கொடுக்கும் சைகையைக் கேட்கும் காது இல்லாததால் ஏழாவதாக வேண்டிய செல் வேறொன்றாகிவிடுகிறது. ஒளியைப் பற்றி அந்த மரபணுவுக்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சைகை செல்லுக்குள் போகும் ராஸ் வழியோ மனிதப் புற்றுநோய் ஆய்விலும் முதன்மையானது. ஈயில் கிடைப்பது ஈக்கு மட்டும் என்போருக்கும் இதுவே மறுமொழி. மனிதரில் ‘கண்ணிலி’யின் இணையான பாக்ஸ்-6 கெட்டால் கருவிழிப்படலம் இல்லாமல் பிறக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மரபணு போக, மீதி எல்லாம் சுற்றுச்சூழல் என்று முடிவு கட்டுவதும் சரியாகாது. 2020இல் கெரிட் லின்னவெபர், பாசம் ஹாசன் குழுவினர் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். வட்டமான ஒரு மேடை, எதிரெதிரே இரண்டு கறுப்புப் பட்டைகள், இறக்கை நறுக்கிய ஈ ஒன்று. அது எந்தப் பட்டையையும் எட்ட முடியாது. ஒன்றை நோக்கி நடந்து, திரும்பி மற்றதை நோக்கி நடந்துகொண்டே இருக்கும். சில ஈக்கள் நூல் பிடித்தாற்போல் நேரே நடந்தன, சில மேடையெங்கும் அலைந்தன. நாட்கள் கழித்துச் சோதித்தாலும் நேரே நடந்தது நேரே நடந்தது, அலைந்தது அலைந்தது. மரபணுவில் ஒத்திருக்கும்படி வளர்த்த ஈக்களிலும் இந்த வேறுபாடு மறையவில்லை. நேராக நடப்பவற்றை இணைசேர்த்தாலும் பிள்ளைகளுக்கு அந்தக் குணம் இறங்கவில்லை. காரணம் மூளையில் இருந்தது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கப் பார்வை மடலுக்குச் செல்லும் நரம்பிழைகள் இடதிலும் வலதிலும் எவ்வளவு ஏறுமாறாக அமைந்தனவோ, அவ்வளவு நேராக ஈ நடந்தது. அந்த ஏறுமாறு, வளரும்போது செல்களுக்கிடையே நடக்கும் போட்டியில் தற்செயலாக விழுவது. 2024இல் முழுமையான ஈ மூளை வரைபடம் 1,39,255 நியூரான்களையும் சுமார் 5 கோடி இணைப்புகளையும் காட்டியது. மரபணுக்களோ ஏறத்தாழ 14,000. ஒவ்வோர் இணைப்பையும் எழுதிவைக்க அவற்றில் இடமில்லை. ‘டிஸ்காம்-1’ என்ற ஒரே மரபணு 38,016 வடிவங்களைத் தரவல்லதே என்று இங்கே தடுக்கலாம். ஆனால் எந்த நியூரானுக்கு எந்த வடிவங்கள் என்பதும் பெரும்பாலும் தற்செயலே. தன் கிளையைத் தானே அடையாளம் கண்டு விலகுவதற்கு அதுவே போதும்.

இந்த நகரத்துக்கு 1957இல் வந்து பரநகரின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்த ஜே. பி. எஸ். ஹால்டேன், அதற்குப் பதினோராண்டு முன்பே, சூழல் மாறினால் மரபு வகைகளின் தரவரிசையும் மாறக்கூடும் என்று கணக்கிட்டுக் காட்டியவர். அவர் மரபு, சூழல் என்று இரண்டு பெட்டிகளை வைத்தார். தற்செயல் என்ற மூன்றாவது பெட்டி ஒன்று நம் கையில் இருக்கிறது, ஆனால் நம் கட்டுரைகளில் அது சராசரிக்குள் புதைந்துபோகிறது. ஆகவே இந்தக் கருத்தரங்கின் இரண்டு நாளும் மேடையேறுவோரிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் வரைபடத்தில் சராசரிக் கோட்டோடு நிறுத்தாமல் ஒவ்வோர் ஈயையும் ஒரு புள்ளியாகக் காட்டுங்கள். ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் புள்ளியைப் பிழை என்று நீக்கியிருந்தால், எதனால் நீக்கினீர்கள் என்பதை அவைக்குச் சொல்லுங்கள். முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.