தேனீக் குடும்பம் பிரியாமல் காக்கும் வழி

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு வீட்டில் மக்கள் பெருகி இடம் போதாமற் போனால், ஒரு பகுதியினர் தனிக்குடித்தனம் செல்வது உலக இயல்பு. தேனீக்களிடையேயும் இவ்வாறே நிகழ்கிறது. ஆனால் மனிதர் வீட்டில் பிள்ளைகள் வெளியேறுவர்; தேனீக்களின் வீட்டில் தாயே வெளியேறுகிறாள். பழைய இராணித் தேனீ, ஏறக்குறைய பாதிக் குடும்பத்தை உடன் அழைத்துக்கொண்டு, கூட்டை மகளுக்கு விட்டுவிட்டுப் பறந்து விடுகிறாள். புறப்படும் தேனீக்கள் வயிறு நிறையத் தேனையும் குடித்துக்கொண்டே செல்கின்றன. இதனையே குடி பிரிதல் என்கிறோம்.

குளிர் நாடுகளில் இது வசந்த காலத்தில் நிகழும். நமது குமரி மாவட்டத்திலோ, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பூக்கள் மலர்ந்து, மகரந்தம் பெருகும் நாட்களில் நிகழ்கிறது. மார்த்தாண்டம் பகுதியில் 1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் அவர்கள் நடத்திய கிராமப் புனருத்தாரண நிலையத்தின் வாயிலாகத் தேனீ வளர்ப்பு பரவியது. அதுமுதல் அங்குள்ள சிறு விவசாயிகளுக்கு அது ஓர் உபதொழிலாக இருந்து வருகிறது. அவர்கள் ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருப்பது இரப்பர்த் தேனையே. இரப்பர் மரம் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடும்போது, இலைக்காம்பின் நுனியில், மூன்று சிற்றிலைகள் கூடும் இடத்தில் இனிய நீர் சுரக்கிறது. பூவிலிருந்தன்றி இலைக்காம்பிலிருந்து கிடைக்கும் தேன் அது. சனவரி இறுதி முதல் மார்ச் வரை இவ்வரவு நீடிக்கும்.

இந்த வரவு தொடங்கும் தறுவாயில் குடும்பம் பிரிந்துவிட்டால் என்ன ஆகும்? புதிய இராணி அறையிலிருந்து வெளிவந்து, ஆண் தேனீக்களுடன் கூடி, முட்டையிட்டு, அம்முட்டைகள் வேலைக்காரத் தேனீக்களாக வெளிவர ஏறத்தாழ 5 வாரங்கள் செல்லும். அதற்குள் தேன் காலத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆண்டு வருமானம் ஒரு முற்பகலில் பறந்து போகிறது.

நாம் செய்த பிழை

தேனீ வளர்க்கத் தொடங்கிய காலத்தில் நாமே செய்த பிழை ஒன்றை இங்குக் கூற விரும்புகிறோம். ஒருநாள் பெட்டியைத் திறந்தபோது, அடைகளின் அடிவிளிம்பில் இராணி அறைகள் பல தொங்கக் கண்டோம். “இவற்றை அழித்துவிட்டால் குடும்பம் பிரியாது” என்று எண்ணி, ஒன்றுவிடாமல் கிள்ளி எறிந்தோம். பெட்டியில் இராணி இருக்கிறாளா என்று பார்க்கவில்லை. புதிய முட்டைகள் உள்ளனவா என்றும் நோக்கவில்லை. உண்மையில், அதற்குச் சில நாட்கள் முன்னரே இராணி கூட்டத்துடன் போய்விட்டிருந்தாள். கூட்டில் எஞ்சியிருந்த நம்பிக்கையையும் நம் கையாலேயே அழித்துவிட்டோம். சில வாரங்களில் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கின. அவை கருவுறாத முட்டைகளாதலின் ஆண் தேனீக்கள் மட்டுமே பிறந்தன. குடும்பம் படிப்படியாகத் தேய்ந்து அழிந்தது.

அன்று கற்ற பாடம் இதுதான்: இராணி அறை நோயன்று, நோயின் அடையாளமே. காரணத்தை நீக்காமல் அறையை மட்டும் கிள்ளுவதால் பயனில்லை. தேனீக்கள் மீண்டும் கட்டிக்கொள்ளும்.

காரணங்களும் அடையாளங்களும்

முதற்காரணம் இடநெருக்கடி. புழு வளர்ப்பு அறையின் அடைகள் யாவும் புழுவாலும் மகரந்தத்தாலும் தேனாலும் நிரம்பிவிட்டால், இராணிக்கு முட்டையிட இடமிராது; இளந்தேனீக்களுக்கு வேலையும் இராது. இரண்டாவது, இராணியின் முதுமை. இராணியின் உடலில் ஊறும் ஒருவகைச் சுரப்பே குடும்பத்தை ஒற்றுமையாகக் கட்டி வைக்கிறது. முதுமையினால் அது குறையும்போதோ, நெருக்கடியினால் எல்லாத் தேனீக்களுக்கும் எட்டாதபோதோ, புதிய இராணியை வளர்க்க அவை முற்படுகின்றன. பெட்டியில் காற்றோட்டமின்மையும் கடும்வெயிலும் இதனை விரைவுபடுத்தும்.

குடும்பம் பிரியப்போவதைச் சில அடையாளங்களால் முன்கூட்டியே அறியலாம். ஆண் தேனீக்கள் பெருகும். வேலை செய்ய வேண்டிய தேனீக்கள் வாயிலில் தாடிபோல் கொத்தாகத் தொங்கும். அடைகளின் அடிவிளிம்பில் இராணி அறைகள் பல தோன்றும். ஒன்றிரண்டு அறைகள் மட்டும் அடையின் நடுப்பகுதியில் இருப்பின், அவை பெரும்பாலும் முதிர்ந்த இராணிக்குப் பதிலாகப் புதியவளை வளர்ப்பதற்கானவை. அவற்றை அழித்தல் கூடாது.

முட்டையிட்ட 8 நாட்களில் இராணி அறை மூடப்படும். 15 அல்லது 16 நாட்களில் புதிய இராணி வெளிவருவாள். அறை மூடப்படும் தறுவாயிலேயே பழைய இராணி பெரும்பாலும் புறப்பட்டுவிடுகிறாள். ஆதலால் இப்பருவத்தில் 7 நாட்களுக்கு ஒருமுறை பெட்டியைப் பார்ப்பது இன்றியமையாதது. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை பார்ப்பவர் வெற்றுப் பெட்டியைக் காண நேரிடும்.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, நெருக்கடி ஏற்படுமுன் இடம் கொடுக்க வேண்டும். கருத்துப்போன பழைய அடைகளை அகற்றி, புதிய சட்டங்களை வைத்தல் வேண்டும். தேன் வரவு தொடங்கியவுடன் மேலே தேன் அறையைப் பொருத்த வேண்டும். பெட்டிக்கு மர நிழல் இருக்கட்டும். மகரந்தம் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் சர்க்கரைப் பாகை அளவின்றிக் கொடுத்தால், அதுவே குடும்பத்தைப் பிரியத் தூண்டும்.

இரண்டாவதாக, முதிர்ந்த இராணியை மாற்றி இளம் இராணியை அளிக்க வேண்டும். எளிதில் பிரியாத, தேன் மிகுதியாகச் சேர்க்கும் குடும்பத்திலிருந்தே புதிய இராணியை எடுப்பது நலம்.

மூன்றாவதாக, மூடிய புழு அடை ஒன்றிரண்டை வலுக்குறைந்த குடும்பத்திற்கு மாற்றலாம். எனினும், 1990-களின் தொடக்கத்தில் கேரளத்திலும் நம் பகுதியிலும் தாய்லாந்துப் பைப்புழு நோய் எண்ணற்ற குடும்பங்களை அழித்ததை மறத்தல் ஆகாது. நோய்க்குறி உள்ள பெட்டியிலிருந்து ஓர் அடையைக்கூட மாற்றக் கூடாது.

நான்காவது வழியே தலைசிறந்தது. வலுவான குடும்பத்தை அது தானே பிரியுமுன் நாமே பிரித்துவிட வேண்டும். மழை ஓய்ந்த நவம்பர் இறுதியோ டிசம்பர் தொடக்கமோ இதற்கு ஏற்ற காலம். தேன் வரவிற்குள் இரு குடும்பங்களும் வலுப்பெற்றுவிடும். பழைய இராணியைப் பாதி அடைகளுடனும் தேனீக்களுடனும் புதிய பெட்டிக்கு மாற்றுங்கள். பழைய பெட்டியில் நன்கு வளர்ந்த, மூடிய இராணி அறை ஒன்றை மட்டும் விட்டு, ஏனையவற்றை நீக்குங்கள். முன்பு பெட்டி இருந்த இடத்திற்கு இருபுறமும் சமதூரத்தில் இரண்டையும் வைத்தால், வெளியே சென்று திரும்பும் தேனீக்கள் இரண்டிலும் பகிர்ந்து நுழையும். மூன்று வாரம் கழித்துப் பழைய பெட்டியில் முட்டைகள் இருப்பின் காரியம் வெற்றி.

கூட்டம் புறப்பட்டுவிட்டால்

கூட்டம் பெரும்பாலும் முதலில் அருகிலுள்ள கிளையில்தான் தொங்கும். தாம்பாளத்தைத் தட்டியும் மண்ணை வீசியும் கலைக்க வேண்டாம். தண்ணீரை மெல்லத் தெளித்து, கூடையைக் கூட்டத்தின் மேலாகக் கவிழ்த்துப் பிடித்தால், தேனீக்கள் மேல்நோக்கி ஏறி அடங்கும். மாலையில் அவற்றைப் புதிய பெட்டியில் சேர்த்து, மூடாத இளம்புழு உள்ள அடை ஒன்றை வையுங்கள். புழுவை விட்டுத் தேனீக்கள் எளிதில் போகா. இராணி வெளியேறாதபடி சில நாட்கள் வாயில் தடுப்பும் வைக்கலாம். ஆனால் பின்னர்ப் பிரியும் கூட்டத்தில் கன்னி இராணி இருப்பாள். அவள் கலவிக்காகப் பறந்தே ஆகவேண்டுமாதலின் அங்குத் தடுப்பு வைத்தல் ஆகாது.

பஞ்சாயத்தின் கடமை

ஒருவர் பெட்டியிலிருந்து புறப்பட்ட கூட்டம் அடுத்தவர் தோட்டத்தில் அமர்ந்து, அதனால் மனத்தாங்கல் விளைவதும் உண்டு. உரியவர் தேடி வரும்வரை கூட்டத்தைக் கலைக்காமல் காப்பது என்று ஊரே கூடி முடிவு செய்துகொள்ளலாம். பஞ்சாயத்தில் இரண்டு வெற்றுப் பெட்டிகளும், சில வாயில் தடுப்புகளும், பொதுவான ஒரு தேன் எடுக்கும் கருவியும் இருந்தால் ஏழை விவசாயிக்கு அது பேருதவி. புறம்போக்கு நிலங்களில் புங்கமும் புளியும் முருங்கையும் நடுங்கள். தேனீக்களுக்கு உணவு, ஊருக்கு நிழல்.

தேனீ நன்றி மறந்து ஓடுவதில்லை, நண்பர்களே. வளர்ந்த குடும்பம் புது வீடு கேட்கிறது; அவ்வளவே. அதற்கு முன்பாகவே நாம் வீடு அமைத்துக் கொடுத்தால், காட்டுக்குப் போகும் குடும்பம் நம் தோட்டத்திலேயே தங்கும். ஒரு பெட்டி இரண்டாகும், தேனும் பெருகும். வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். நாம் கேட்டுக்கொள்வது அது ஒன்றே.