வீதிக்கும் தண்ணீருக்கும் வழி

சிறிய தீவில் வீதி போடும்போது முதலில் கண்ணில் படுவது சதுப்பு நிலம்தான். 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட கொழும்பின் அருகே, தலங்கம ஈரநிலத்துக்கு மேலாகவும் அதிவேகப் பாதை திட்டமிடப்பட்டது. வீதி தண்ணீரின் வழியை அடைக்கும் ஆபத்து மலையில் இன்னும் பெரிது. பதுளை மாவட்டத்து மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்களை மூடியது மழைநீர் ஊறிய மண். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அங்கே மண் சரியலாம் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது.

அப்படியானால் வீதியே வேண்டாமா? நோயாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கும் தோட்டத்து மக்களிடம் அப்படிச் சொல்வது அநியாயம். வீதி கட்டாயம் வேண்டும். ஆனால் சரிவை வெட்டும்போது கான்களும் ஊற்றுகளும் அடைபட்டால், தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி அதன் பிடிப்பைத் தளர்த்திவிடும். செலவு கூடும் என்பார்கள், கூடத்தான் செய்யும். மதகுக்கும் தடுப்புச் சுவருக்கும், மழைக்கு முன் கான் துப்புரவாக்கும் ஆட்களுக்குமான பணத்தை வீதியின் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும்.