தீர்ப்பில் பெயர் இல்லாதவர்கள்

சட்டமும் சமூகப்பணியும் குற்றவியலும் பயின்ற அறிஞர்கள் கூடியுள்ள இந்தக் கருத்தரங்கிற்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பளித்த அமைப்பாளர்களுக்கு நன்றி. நாம் ஆராயவிருக்கும் பொருளில் நான் முன்வைக்க விரும்பும் கருத்து ஒன்றுதான்: சிறைவாசியின் மறுவாழ்வு அவர் விடுதலையாகும் நாளில் தொடங்குவதன்று, அவர் கைதான அன்றே அவருடைய வீட்டில் தொடங்க வேண்டியது. வீட்டைச் சிதையவிட்டுவிட்டு ஆளை மட்டும் திருத்தி அனுப்பினால், அவர் திரும்பிச் செல்ல இடமே இருக்காது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூவர் மீதான குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் அவர்களுடைய குடும்பங்கள் தண்டனையை அனுபவிக்கத் தொடங்கிவிட்டன. அன்றாடக் கூலி நின்றுபோகிறது. வக்கீல் செலவுக்கு நகை அடகுக்குப் போகிறது. சிறையில் மனு போட்டு அவரைப் பார்த்துவர ஒரு நாள் வேலையையும் பேருந்துக் காசையும் இழக்க வேண்டும். பிணை கிடைத்தாலும் ஜாமீன் நிற்க ஆளில்லாமல் உள்ளேயே இருப்பவர்கள் உண்டு. 1979இல் உசைனாரா காத்தூன் வழக்கு பீகார்ச் சிறைகளில் விசாரணைக் கைதிகள் பட்ட அவலத்தை வெளிக்கொணர்ந்தது. இன்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முன்பு தண்டனை பெறாதவர் உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால் அவரைப் பிணையில் விடச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. சட்டம் நகர்ந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது எண்ணுவது கைதி கழித்த நாள்களை. வீட்டில் நின்றுபோன வருமானத்தையும் பிள்ளையின் படிப்பையும் அன்று.

பிள்ளைகளின் நிலையைப் பாருங்கள். தாயோடு சிறையில் வளரும் ஆறு வயது வரையிலான குழந்தைக்கு உணவும் மருத்துவமும் கல்வியும் தரவேண்டும் என்று 2006இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. வெளியே பாட்டியிடமோ சித்தியிடமோ விடப்பட்ட பிள்ளைகளோ இவர்களைவிட மிகப் பலர். கேரளத்தில் சிறைவாசிகளின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கப்படுகிறது. இத்தகைய உதவி எல்லா மாநிலங்களிலும் உரிமையாக வேண்டும்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் குடும்பம் அழுதுகொண்டிருக்கையில் குற்றவாளியின் குடும்பத்துக்கு உதவுவதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சிறைவாசிகளுக்கு உரிய ஊதியம் தரவேண்டும், அதில் ஒரு பகுதி பாதிக்கப்பட்டோருக்குச் சேரவேண்டும் என்று 1998இலேயே உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. இரு குடும்பங்களும் போட்டியாளர்கள் அல்லர் என்பதற்கு அதுவே சான்று. தண்டனையின் அச்சம் குறைந்துவிடும் என்பது அடுத்த தடை. ஆனால் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலச் சிறைத்துறை, விடுதலையான பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2011இல் அறிக்கை வெளியிட்டது. சிறையில் உறவினரும் பிறரும் வந்து பார்த்தவர்கள் மீண்டும் கடுங்குற்றத்தில் தண்டனை பெறும் வாய்ப்பு 13 விழுக்காடு குறைந்திருந்தது. ஆக, உறவைக் காப்பது குற்றவாளிக்குக் காட்டும் சலுகையாகாது. அடுத்த குற்றத்திலிருந்து ஊரைக் காக்கும் வழி அது. வேலை கேட்டுப் போகும் இடத்திலும் வாடகைக்கு வீடு தேடும் தெருவிலும் பழைய வழக்கே முன்னால் வந்து நிற்கும்போது, விடுதலையானவரைத் தாங்கிப்பிடிக்க வீட்டைத் தவிர வேறு எவரும் முன்வருவதில்லை.

ஆகவே இந்தக் கருத்தரங்கம் மூன்று பரிந்துரைகளையேனும் அரசுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் சிறைக்குள் வரும் அன்றே அவரை நம்பியிருப்போரின் விவரம் பதிவாகி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்ல வேண்டும். கைதியை வீட்டுக்கு அருகிலுள்ள சிறையில் வைப்பதும் சந்திப்பை எளிதாக்குவதும் விதியாக வேண்டும். விடுதலைக்கு முன்பே வேலையும் தங்குமிடமும் உறுதி செய்யப்பட வேண்டும். நீதிமன்றம் தண்டிக்காத ஒருவரும் தண்டனை அனுபவிக்கக் கூடாது. இந்த நெறியை அளவுகோலாகக் கொண்டு உங்கள் கட்டுரைகளை முன்வையுங்கள்.