தலைத்துணியை மீண்டும் கட்டச் சொன்னவர்

(அறக்கட்டளையின் மகாவீர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘ஆடையும் அவையும்’ என்னும் தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் எனக்குப் பணித்துள்ளனர். இத்தலைப்பில் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. முன்னோர் உடுத்திய உடையோடு பொது இடத்திற்குச் செல்லும் உரிமை நமக்கு உண்டா என்பது ஒன்று. ஓர் இடம் தனக்கென உடைநெறி வகுத்திருந்தால் அதற்கு நாம் கட்டுப்பட வேண்டுமா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே மனிதர் தம் வாழ்வில் சந்தித்து வெவ்வேறு விடை கண்டார். அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

1893ஆம் ஆண்டு மே மாதம் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவின் தர்பன் நகரில் கரையிறங்கினார். வந்த சில நாள்களிலேயே அங்குள்ள நீதிமன்றத்தைக் காணச் சென்றார். உடலில் ஐரோப்பிய மேலங்கி. தலையில் இந்தியத் தலைப்பாகை. நீதிபதி அவரை உற்று நோக்கித் தலைப்பாகையைக் கழற்றுமாறு கூறினார். காந்தியடிகள் மறுத்து நீதிமன்றத்தை விட்டு வெளியேறினார். செய்தித்தாளுக்கும் கடிதம் எழுதித் தம் செயலின் நியாயத்தை எடுத்துரைத்தார்.

அடுத்த ஆண்டு அவர் நேட்டால் உச்சநீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். உறுதிமொழி எடுத்தவுடன் தலைமை நீதிபதி, வழக்கறிஞர்க்குரிய உடைவிதிப்படி தலைப்பாகையை எடுத்துவிடுமாறு கூறினார். இம்முறை காந்தியடிகள் அதை எடுத்துவிட்டார். நண்பர்களுக்கு மனவருத்தம். முன்பு மறுத்தவர் இப்போது பணியலாமா என்று கேட்டனர். பார்வையாளராகச் சென்றபோது மறுத்தது முறை; அம்மன்றத்தில் தொழில் புரிய விரும்பி வந்தபின் அதன் வழக்கத்தை ஏற்பதும் முறை என்பது அவர் கருத்து. இதைவிடப் பெரிய போராட்டங்களுக்காகத் தம் ஆற்றலைச் சேமித்து வைக்கவும் அவர் எண்ணினார்.

பெருந்தகையீர், இங்கே நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஓர் இடத்தின் பணிக்கு உரிய விதி வேறு. வருபவரைச் சிறுமைப்படுத்தும் விதி வேறு. முன்னதற்கு இணங்கலாம். பின்னதற்கு இணங்குதல் தகாது.

சிறுமைப்படுத்தும் விதி எத்தகையது என்பதை அதே நாட்டில் ஒரு தமிழரின் வாழ்வு நமக்குக் காட்டுகிறது. அவர் பெயர் பாலசுந்தரம்; ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்குச் சென்றவர். வெள்ளை முதலாளியிடம் அடிபட்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் குருதி ஒழுக, கிழிந்த உடையோடு காந்தியடிகளின் அலுவலகத்திற்கு வந்து அழுதுகொண்டு நின்றார். அந்த நிலையிலும் அவர் தலைத்துணி கையில் இருந்தது. ஐரோப்பியர் முன் செல்லும் கூலித் தொழிலாளர் தொப்பியாயினும், தலைப்பாகையாயினும், தலையில் சுற்றிய துண்டாயினும் அதைக் கழற்றிக் கையில் ஏந்த வேண்டும் என்பது அங்கே திணிக்கப்பட்ட வழக்கம். இரு கை கூப்பி வணங்கினாலும் போதாது. காந்தியடிகளின் முன்னும் அவ்வாறே நிற்க வேண்டும் என்று பாலசுந்தரம் எண்ணிவிட்டார்.

காந்தியடிகள் அத்துணியை மீண்டும் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். சற்றே தயங்கிக் கட்டிக்கொண்ட அத்தொழிலாளியின் முகத்தில் மகிழ்ச்சி தோன்றியதைத் தம் வரலாற்றில் அவர் பதிவு செய்துள்ளார். பின்னர் அவருக்கு மருத்துவம் செய்வித்து, அந்த முதலாளியிடமிருந்து விடுவித்து, வேறொருவரிடம் மாற்றியும் கொடுத்தார். ஒரு முழத் துணியில் ஒரு மனிதனின் மானம் அடங்கியிருந்ததைக் கண்டவர் அவர். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அரையாடை பூண்டதும், 1931இல் அதே கோலத்தில் இலண்டன் அரண்மனையில் மன்னரைச் சந்தித்ததும் இதன் தொடர்ச்சியே.

இவையெல்லாம் அயலார் ஆண்ட காலத்துக் கதை என்று நாம் அமைதி கொள்ள இயலாது. 2014 ஜூலையில் சென்னைச் சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் சங்க மன்றத்தில் ஒரு நூல் வெளியீட்டு விழா நடைபெற்றது. அழைப்பின் பேரில் வேட்டி அணிந்து சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் அவர்கள் வாயிலிலேயே தடுக்கப்பட்டார். மன்றத்தின் உடைவிதி வேட்டியை ஏற்கவில்லை. தமிழகத்தின் தலைநகரில், தமிழர் நடத்திய விழாவில், தமிழரின் உடைக்கு இடமில்லை! சட்டமன்றத்தில் அனைத்துக் கட்சியினரும் கண்டித்தனர். அடுத்த மாதமே அரசு சட்டம் இயற்றியது. வேட்டியையோ பிற இந்திய மரபு உடையையோ நாகரிகமாக அணிந்து வருபவரை உடையின் பொருட்டுத் தடுத்தல் குற்றமாயிற்று. ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். மன்றங்களோடு சங்கங்களையும் அறக்கட்டளைகளையும் அச்சட்டம் கட்டுப்படுத்துகிறது.

அறக்கட்டளை என்றவுடன் நம் பார்வை நம்மீதே திரும்ப வேண்டும்.

நாம் வணங்கும் திகம்பர முனிவர்கள் ஆடையையே துறந்தவர்கள். 2016இல் முனி தருண்சாகர் அரியானா சட்டமன்றத்தில் உரையாற்றியபோது அவர் கோலத்தை ஒருவர் எள்ளி எழுதினார்; பின்னர் மன்னிப்பும் கோரினார். கோலத்தைக் கண்டு மனிதரை எடைபோடாதீர் என்று அன்று உலகை நோக்கிச் சொன்னோம். நம் வாயிலில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்?

என் குற்றத்தை இவ்வவையில் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜினாலயத் திருவிழாவில் நான் வாயில் தொண்டராக நின்றேன். இரவுப் பணி முடித்த இளைஞர் ஒருவர் முழங்கால் வரையுள்ள கால்சட்டையோடு தம் முதிய தாயாரை அழைத்து வந்தார். “இது கோயிலா, கடைத்தெருவா?” என்று பலர் கேட்க உரத்த குரலில் கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பினார். மகனை வெளியே விட்டுத் தாம் மட்டும் செல்ல மனமில்லாமல் அந்த அம்மையாரும் படியிறங்கினார். அன்று அவருக்குத் தரிசனம் இல்லை. அதன்பின் அவர்களை நான் அங்கே காணவில்லை. விதி சரியானதே. அதைச் சொன்ன வாய்தான் தவறியது. மன, மொழி, மெய்களால் பிறரை வருத்தலாகாது என்று நாள்தோறும் ஓதும் நான், மொழியால் இருவரைப் புண்படுத்தினேன்.

ஆகவே நம் உடைநெறியைக் கைவிடுக என்று நான் கூறவில்லை. தோற்பொருளைப் புறத்தே வைத்துவிட்டு வருமாறு கேட்கிறோம். அதற்கு அகிம்சை காரணம். தூய உடை கேட்கிறோம். அதற்கு வழிபாடு காரணம். காரணம் உள்ள விதியைக் கனிவாகச் சொல்ல இயலும். அழைப்பிதழிலேயே அதை அச்சிடலாம். வாயிலருகே ஒரு பேழையில் துவைத்த வேட்டிகள் பத்தும், மேல்துணிகள் பத்தும் வைக்கலாம். அறியாது வருபவரைத் தனியே அழைத்து, “தம்பி, இதைச் சுற்றிக்கொண்டு வாருங்கள்” என்று தாழ்ந்த குரலில் சொல்லலாம்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். வேட்டிக்குச் சட்டம் காவல் நிற்கிறது. ஆனால் அதைக் கட்டத் தெரிந்தவர் குறைந்து வருகின்றனர். ஒட்டும் பட்டை வைத்துத் தைத்த வேட்டி கடைகளில் விற்கும் அளவுக்கு நிலைமை வந்துவிட்டது! பாட்டனாரிடம் ஒரு மாலைப் பொழுது அமர்ந்து கட்டப் பழகுங்கள். கட்டிக்கொண்டு வெளியே செல்லுங்கள். எவரேனும் தடுத்தால் அமைதியாகச் சட்டத்தைச் சொல்லுங்கள்.

அன்று அந்த இளைஞருக்கு நான் ஒரு வேட்டியை நீட்டியிருக்கலாம். நான் நீட்டாத அந்த வேட்டியை இனி வருபவர்க்கு நீங்கள் நீட்ட வேண்டும் என்று வேண்டி அமைகிறேன்.

அறம் வாழ்க!