கேட்பவர்க்கும் ஒரு துணை

மலையகத்தில் மேற்பார்வை என்ற சொல்லுக்குப் பழைய நிழலொன்று உண்டு. கண்காணி என்னும் சொல்லே மருவிக் கங்காணி ஆயிற்று. ஆள் சேர்த்து அழைத்து வந்தவரும், கடன் கணக்கைக் கையில் வைத்திருந்தவரும், கொழுந்தெடுப்போர் பின்னால் நின்று குறை கண்டவரும் கங்காணிமாரே. தொழிலாளரைக் கடனிற் பிணித்த துண்டு முறை 1921இல் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆயினும், மேலிருந்து பார்க்கும் கண் தண்டிக்கும் கண்ணே என்ற அச்சம் அத்துணை எளிதில் நீங்குவதன்று.

உளமருத்துவத் துறையில் மேற்பார்வைக்குப் பொருளே வேறு. பிறர் துயரைக் கேட்பவர், தாம் கேட்டதை அனுபவம் முதிர்ந்த ஒருவரிடம் கொண்டுசென்று, இருவருமாக ஆராய்தலே அது. 1950களில் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தில் மைக்கேல் பாலிண்ட் என்ற அறிஞர் பொது வைத்தியர்களை ஒருங்கு அமர்த்திப் பேசச் செய்தார். நோயாளி கூறியது யாது என்பதோடு, அதைக் கேட்ட வைத்தியரின் உள்ளத்தில் எழுந்தது யாது என்பதையும் அவர்கள் ஆராய்ந்தனர். அப்பணியின் பயனாக அவர் எழுதிய நூல் 1957இல் வெளிவந்தது.

நம் நாட்டில் இவ்விடத்து நினைக்கத்தக்கவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவம் கற்பித்த அவர், போர்க்காலத்தில் வடபுலத்து மக்களுக்குப் பல்லாண்டுகள் சிகிச்சை அளித்தார். போரின் உளவடுக்களைப் பற்றிய அவரது ஆங்கில நூல் 1998இல் வெளியாயிற்று. பல்லாயிரவர் துயரைச் சில மருத்துவர் மட்டும் சுமத்தல் இயலாது. ஆகவே ஆசிரியர், சுகாதாரப் பணியாளர், சுதேச வைத்தியர் முதலியோரையும் அவர் பயிற்றுவித்தார். மூச்சுப் பயிற்சி, மந்திர செபம் போன்று மக்கள் முன்னரே அறிந்த வழிகளை உள ஆறுதலுக்குப் பயன்படுத்தினார். இத்தகைய பணியில், பயிற்சி பெற்றவரைப் பின்னர்த் தனியே விட்டுவிடுதல் தகாது. அவருக்கும் சாய்ந்துகொள்ள ஒரு தோள் வேண்டும்.

அட்டனை அடுத்த தோட்டமொன்றில் உளவளத்துணை புரியும் இளம்பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். கணவனின் குடியால் நொந்த தாய் ஒருத்தி அவளிடம் வருகிறாள். கதை முடியுமுன்னரே, "அவரை விட்டு வந்துவிடுங்கள், அக்கா" என்கிறாள் இளம்பெண். நல்ல மேற்பார்வையாளர் இதற்காக அவளைக் கடிந்துகொள்வதில்லை. "அந்த அவசரம் யாருடையது, மகள்?" என்று மெல்லக் கேட்கிறார். குடித்துவிட்டு லயத்துக்குத் திரும்பிய தன் தந்தையின் நினைவு அவளுக்கு அப்போதுதான் எழுகிறது. அதை உணர்ந்தபின், அடுத்த வாரம் அத்தாயின் கதையை அவள் முழுமையாகக் கேட்கிறாள்.

வேறு கடமைகளும் மேற்பார்வையாளர்க்கு உண்டு. ஒரு காம்பராவின் அழுகை அடுத்த காம்பராவில் கேட்கும் லயத்து வாழ்வில், சொன்னவர் இரகசியம் வெளியேறாமற் காப்பது எவ்வாறு என்று அவர் கற்பிக்கிறார். ஒருவர் உயிருக்கு ஆபத்து நேருமெனத் தோன்றினால், அப்பாரத்தை இளையவர் தோளில் மட்டும் விடாது, வைத்தியசாலையின் உதவியை உடனே நாடச் செய்கிறார். 1990களின் நடுப்பகுதியில் இலங்கையின் தற்கொலை விகிதம் உலகில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிருந்தது. கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்டபின் அது பெரிதும் குறைந்தது. நஞ்சைச் சட்டம் அகற்றலாம். நெஞ்சின் துயரைக் கேட்க மனிதரே வேண்டும்.

ஆகவே, தோட்டங்களிலும் பாடசாலைகளிலும் உளவளத்துணையாளரை நியமிப்போர், அவர் எத்தனை பேரைச் சந்தித்தார் என்று மட்டும் கணக்குக் கேட்டல் போதாது. அவர் தம் பாரத்தை இறக்கிவைக்க வாரத்தில் ஒரு மணி நேரமேனும் ஒதுக்கினோமா என்றும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.