பழைய ஒலிப்பதிவும் நோயுற்ற கலைஞரும்

சேரன்மாதேவிக்கு அருகே காருகுறிச்சியில் 1921-ஆம் ஆண்டு பிறந்து, நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையவர்களிடம் சிட்சை பெற்று, 1964-இல் நடுவயதிலேயே மறைந்துவிட்ட அருணாசலம் அவர்களின் நாதஸ்வரம், தாமிரபரணிக் கரையில் இன்றும் கல்யாணப் பந்தல்களில் கேட்கிறதென்றால், அது ஒலிப்பதிவு நமக்களித்த பாக்கியமே ஆகும். ஆனால் உயிரோடிருக்கும்போதே தம் நாதத்தை இழந்துவிட்ட கலைஞருக்கு அவருடைய பழைய பதிவு என்ன செய்யும்?

அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் 2009-க்குப் பின் கச்சேரி செய்யவில்லை. தமக்குப் பார்க்கின்சன் நோய் கண்டிருப்பதை 2013-இல் அறிவித்தார். பிற்பாடு வைத்தியர்கள் அதை ஒத்த வேறொரு நரம்பு நோயென்று நிர்ணயித்தார்கள். 1980-இல் தொலைக்காட்சிக்காக அவர் பாடிய கச்சேரியின் நாடாக்கள் நெடுங்காலத்துக்குப் பின் அகப்பட, அதிலிருந்து அவருக்கு உகந்த பன்னிரண்டு பாடல்கள் 2019-இல் இசைத்தட்டாக வெளிவந்தன. குரல் போன பின்னும் மனத்துக்குள் பாடிக்கொண்டுதான் இருப்பதாக அந்த அம்மையார் சொன்னார்.

1817-இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த பார்க்கின்சன் நோயில், மூளையில் டோபமைன் என்னும் ரசாயனத்தைச் சுரக்கும் உயிரணுக்கள் சிறுகச் சிறுக அழிவதால், நடுக்கம் மாத்திரமன்றி, அசைவு மந்தமாவதும் தசை இறுகுவதும் குரல் மெலிவதும் நேருகின்றன. சீவாளியைக் கவ்விய உதடும், அடிவயிற்றிலிருந்து எழும் மூச்சும், ஏழு துளைகளின்மீது பாதி திறந்தும் பாதி மூடியும் கமகம் பிடிக்கும் விரல்களும் ஒரே கணத்தில் இசைந்தால்தான் நாதஸ்வரம் பேசும் என்பதை அறிந்தவர்களுக்கு, இந்நோய் ஒரு வித்வானிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

எனினும் சங்கீதம் அவரை அடியோடு கைவிடுவதில்லை. எட்டு வைக்கத் தயங்கும் கால்கள் தாளத்தைக் கேட்டதும் சீராக நடைபோடுவதை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். பல்லாண்டு சாதகத்தால் ஊறிய ராக ஞானமோ, விரல் ஓய்ந்த பின்னும் பலரிடம் நெடுநாள் நிலைத்திருக்கிறது.

ஆகையால், உங்கள் இல்லத்தில் அத்தகைய பெரியவர் ஒருவர் இருந்தால், துக்கத்தைக் கிளறுமென்று அஞ்சி அவருடைய பழைய நாடாக்களைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். அவர் சம்மதத்தோடு அவற்றை ஒலிக்கச் செய்து, இந்தச் சங்கதியை யாரிடம் பாடங்கேட்டீர்கள், இந்த இடத்தில் ஏன் நிறுத்தினீர்கள் என்று வினவி, சொல்வதைப் பொறுமையோடு எழுதிக்கொள்ளுங்கள். அதுவரை நோயாளியென்று அனைவரும் பரிதாபத்தோடு பார்த்த மனிதர் அப்போது மீண்டும் ஆசானாகிறார். வாசிக்கும் வல்லமையை நோய் கவர்ந்துகொள்ளலாம். கற்பிக்கும் பெருமையை அவர் இழந்துவிடாதபடி காப்பது, அவர் வாசிப்பைக் கேட்டு மகிழ்ந்த நம் ஒவ்வொருவரின் கடமை.