பாத்திக்குக் கரை கட்டிய கதை



பூந்தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மல்லிகையைப் புகழ்வார்கள், செம்பருத்தியின் நிறத்தை வர்ணிப்பார்கள். பாத்தியையும் நடைபாதையையும் பிரித்து நிற்கும் ஓரக்கட்டைப் பிரஸ்தாபிப்பவர்கள் வெகு சிலரே. ஆயினும், பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களைப் போன்ற மணற்பாங்கான இடங்களில், குடத்து நீரை ஊற்றிய மாத்திரத்திலேயே பாத்தி கரைந்து பாதையோடு சேர்ந்துவிடுமாதலால், அங்கே தோட்டவேலை கரை கட்டுவதிலிருந்தே ஆரம்பமாகிறது.

எந்தப் பொருளால் கரை கட்டுவது என்ற விசாரம் புதிதன்று. ஒல்லாந்தர் 1613இல் பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டையை எழுப்பிச் சோழமண்டலக் கரையின் வியாபாரத்தை அங்கிருந்து நடத்திவந்த காலத்திலேயே, இங்கிலாந்தில் ஜான் பார்க்கின்சன் என்னும் தாவர சாஸ்திர நிபுணர், 1629இல் வெளியிட்ட தமது பெருநூலில், ஈயத் தகடு, ஓக் பலகை, ஓடு, ஆட்டின் கால் எலும்பு, உருண்டைக் கூழாங்கல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் குணதோஷம் பார்த்திருக்கிறார். ஒல்லாந்து தேசத்துப் பக்கங்களில் வழங்கிய தாடை எலும்புக் கரை அவருக்குப் பிடிக்கவில்லை. ஓட்டின்மீது அவருக்கிருந்த குறையோ, உறைபனியில் அது உதிர்ந்துபோகும் என்பது.

லண்டனில் பனி செய்த அந்தக் காரியத்தைப் பழவேற்காட்டில் உப்பு செய்கிறது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் கலந்து ஏரி நீரின் உவர்ப்பு தணிந்தாலும், கோடையில் அது மீண்டும் ஏறுகிறது. நிலத்தடி ஈரத்தோடு செங்கல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்த உப்பு, நீர் ஆவியானதும் படிகமாகி, உள்ளிருந்தே கல்லை நெருக்கி, அதன் மேற்பரப்பைப் பொடிப்பொடியாக உதிர்த்துவிடுகிறது.

ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் செய்துகொண்ட 1824ஆம் வருஷத்து உடன்படிக்கையின்படி, மறுவருஷம் பழவேற்காடு ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆங்கிலேயர் காலத்து அரசாங்க வளாகங்களிலும் ரயில் நிலையங்களிலும் செங்கற்களைச் சாய்வாகப் பாதி புதைத்து, ரம்பப் பல்லைப் போல வரிசையாக நிறுத்தி, சுண்ணாம்பும் காவியும் பூசும் வழக்கம் பரவி, இன்றளவும் தாலுகா ஆபீஸ் வாசல்களில் நிலைத்திருக்கிறது. உள்நாட்டில் அது சிக்கனமான நல்ல ஏற்பாடுதான். உவர்நிலத்தில் அதையே செய்ய விரும்புவோர், தட்டினால் கணீரென்று ஒலிக்கும்படி நன்றாக வெந்த செங்கல்லை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் அரைவேக்காட்டுக் கல்தான் உப்பு நீரை அதிகம் உறிஞ்சுகிறது.

உப்பை வென்ற பொருளுக்குச் சாட்சி ஊருக்குள்ளேயே இருக்கிறது: தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தில், 17ஆம் நூற்றாண்டுக் கற்பலகைகளின் எழுத்துக்களை இன்றும் வாசிக்கலாம். கருங்கல்லுக்கு விலை அதிகம் என்போர்க்குக் கிளிஞ்சல் உண்டு. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துக் கட்டுவது நம் கடற்கரையின் பழைய வித்தை. சுடாத கிளிஞ்சலை நல்ல நீரில் அலசிப் பாதையோரம் கொட்டினாலும், அது மட்காது, கறையான் தீண்டாது, நீரைத் தேக்காது. ஆனால் அது மண்ணில் சுண்ணாம்புச் சத்தைக் கூட்டுமாதலால், புளிப்பு மண்ணை விரும்பும் இட்லிப் பூவின் அருகே அதைப் போடுவது உசிதமன்று. ஏரி பறவைகள் சரணாலயமாதலால், அதன் படுகையைத் தோண்டிக் கிளிஞ்சல் எடுப்பதும் தகாது.

பனை மட்டையும் தேங்காய் மட்டையும் செலவின்றிக் கிடைப்பவை. கறையானுக்கு இரையாகி அவை அடிக்கடி மாற்றப்பட வேண்டியவை என்றாலும், மட்கியபின் மணலுக்கே உரமாவதால், காய்கறிப் பாத்திக்கு அவற்றைவிடப் பொருத்தமானது வேறில்லை. பூச்செடிக்கும் நிரந்தரப் பாதைக்கும் கருங்கல் அல்லது சுண்ணாம்புக் கட்டு, பருவப் பயிருக்கு மட்டை என்று பிரித்துக்கொள்வதே இவ்விடத்துக்கு ஏற்ற முறை என்பது என் அபிப்பிராயம். கடைக்காரர் காட்டும் வர்ணத்தைப் பார்க்குமுன், நம் கிணற்று நீரை ஒரு வாய் சுவைத்துப் பார்ப்பது நலம்; அது கரித்தால், செங்கல்லைப் பற்றிய தீர்ப்பு அங்கேயே கிடைத்துவிடும்.